மூன்று வாரமாக நாக்கில் புண், ஆனால் வலி இல்லை. என்னவாக இருக்கும்?

நூல்கண்டு
மார்ச் 4, இரவு 11:40

எல்லோருக்கும் வணக்கம். வழக்கமாகப் படித்துவிட்டுப் போகிறவன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 34. திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனியில் வேலை. பிப்ரவரி 8 வாக்கில் நாக்கின் வலது ஓரத்தில் சின்னதாக ஒரு மேடு தட்டுப்பட்டது. இரண்டு மூன்று நாளில் மேல்தோல் போய்ப் புண்ணாகிவிட்டது. இப்போது பட்டாணி அளவு. ஒரே ஒரு புண்தான். ஓரம் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது. காரம் பட்டால் லேசாகச் சுரீர் என்கிறது, மற்றபடி வலி கிடையாது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வாய்ப்புண் என்றால் சோறு இறங்காத அளவுக்கு வலிக்க வேண்டும் இல்லையா?

உடம்புச் சூடு என்று வீட்டில் மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் தந்தார்கள். மெடிக்கலில் பி காம்ப்ளக்ஸும் ஒரு ஜெல்லும் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு மருத்துவமனையில் ஸ்டீராய்டு பேஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள். எதற்கும் மசியவில்லை. போன வாரம் தாடைக்குக் கீழே வலது பக்கம் ஒரு நெறி கட்டியிருப்பதைக் கவனித்தேன். அழுத்தினாலும் வலிக்கவில்லை.

புகையிலை, பாக்கு எதுவும் கிடையாது. இணையத்தில் தேடினால் புற்றுநோய் என்றுதான் வருகிறது. தூக்கம் போய்விட்டது.

கொல்லைப்புறம்
மார்ச் 5, காலை 6:15

தம்பி, பயப்படாதே. கொய்யாக் கொழுந்தை மென்று துப்பு. ராத்திரி கண் விழிக்காதே, வாரம் ஒரு எண்ணெய்க் குளியல் போடு. என் மகனுக்கு இப்படித்தான் வந்து போனது.

பல்லாண்டு
மார்ச் 5, காலை 9:30

நான் பல் மருத்துவன். 19 வருடமாக வாய்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திரையில் படித்து நோய் சொல்ல முடியாது, ஆனால் சில கேள்விகள் கேட்கலாம்.

சாதாரண வாய்ப்புண் ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். வலி கடுமையாக இருக்கும், நடுவில் மஞ்சள், சுற்றிலும் சிவப்பு வளையம். உங்களுடையது 24 நாளைத் தாண்டிவிட்டது, வலியும் இல்லை. எனவே கீரை, பி காம்ப்ளக்ஸ் அத்தியாயம் முடிந்தது. (கொல்லைப்புறம் அம்மா மன்னிக்கவும். மணத்தக்காளி எனக்கும் பிடிக்கும்.)

அந்த இடத்துக்கு நேராகக் கூர்மையான பல், உடைந்த சிமெண்ட், கம்பி ஏதாவது உரசுகிறதா? அப்படியிருந்தால் முதலில் அதைத் தேய்த்துவிட்டு இரண்டு வாரம் பார்ப்போம். இருமல், எடை குறைவு, மாலைக் காய்ச்சல் இருக்கிறதா? காசநோய்ப் புண்ணும் நாக்கில் வரும்.

அடுத்த கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கிளினிக்கில் இப்படி ஒரு புண்ணோடு வருகிற ஆண், பெண் எல்லோரிடமும் கேட்பேன். கடந்த மூன்று மாதத்தில் புதிய ஒருவருடன் உடலுறவு, குறிப்பாக வாய்வழி உறவு, இருந்ததா? இங்கே பொதுவில் சொல்ல வேண்டாம். ஆனால் உங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொண்டு, நேரில் பார்க்கும் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அரைகுறை
மார்ச் 5, காலை 10:02

நாக்கில் புண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் டாக்டர்??

பல்லாண்டு
மார்ச் 5, மதியம் 1:50

சம்பந்தம் இருக்கிறது. சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் கிருமி உடலில் எந்த இடம் வழியாக நுழைகிறதோ, அந்த இடத்தில்தான் முதல் புண் வரும். மறைவிடத்தில் மட்டும் வரும் நோய் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. அது சரியில்லை. உதடு, நாக்கு, டான்சில், எப்போதாவது ஈறு, அண்ணம் என்று வாய்க்குள்ளும் வரும். தொற்றியதிலிருந்து 10 முதல் 90 நாளுக்குள், சராசரியாக மூன்று வாரத்தில் தலைகாட்டும். பெரும்பாலும் ஒற்றைப் புண். அடித்தளம் மெத்தென்று இருக்காது, குருத்தெலும்பைத் தொடுவது போல இருக்கும். பக்கத்திலேயே நெறி கட்டும், அந்த நெறியும் வலிக்காது. வாய்க்குள் எச்சிலும் சாப்பாடும் பட்டுக்கொண்டே இருப்பதால் சிலருக்கு வலி இருக்கலாம். ஆகவே 'வலிக்கிறது, அதனால் சிபிலிஸ் இல்லை' என்றும் முடிவு கட்டக் கூடாது.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. அந்தப் புண் எந்த மருந்தும் இல்லாமலே மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும், தழும்புகூட இருக்காது. அந்த நேரத்தில் கையில் எது இருக்கிறதோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். ஜெல் போட்டவர் ஜெல் கேட்டது என்பார், கீரை சாப்பிட்டவர் கீரை என்பார். கிருமி அதற்குள் ரத்தத்தில் இறங்கிப் போயிருக்கும்.

நூல்கண்டு
மார்ச் 5, இரவு 12:20

டாக்டர், உங்கள் கேள்விக்குப் பதில் 'ஆம்'. ஜனவரி நடுவில் வேலையாக வெளியூர் போயிருந்தேன். ஒரே ஒரு தடவை. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

எனக்கும் அந்தச் சந்தேகம் வந்து, பிப்ரவரி 14 அன்று யாருக்கும் சொல்லாமல் ஒரு லேபில் விடிஆர்எல் என்ற சிபிலிஸ் ரத்தச் சோதனை எடுத்தேன். 'நான்-ரியாக்டிவ்', அதாவது நெகட்டிவ், என்று வந்தது. அதனால்தான் அதைப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டு, புற்றுநோய் என்று பயந்துகொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. என் மனைவிக்கு ஐந்தாம் மாதம்.

கண்ணாடிச்சில்லு
மார்ச் 6, காலை 7:45

லேப் டெக்னீஷியன் பேசுகிறேன். பிப்ரவரி 14 ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். புண் வந்து ஆறாம் நாள் எடுத்திருக்கிறீர்கள்.

விடிஆர்எல் கிருமியை நேரடியாகத் தேடுவதில்லை. கிருமி திசுக்களைச் சேதப்படுத்தும்போது உடல் உண்டாக்கும் ஒருவகை எதிர்ப்புப் பொருளைத்தான் தேடுகிறது. அதற்கு நாங்கள் பயன்படுத்தும் மருந்துப்பொருள் மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த கார்டியோலிப்பின். சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்த எதிர்ப்புப் பொருள் போதுமான அளவு உருவாகப் புண் வந்து ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். முதல் கட்ட நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்தச் சோதனை நெகட்டிவ் காட்டிவிடும். எனவே சந்தேகம் பலமாக இருந்தால் இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். கூடவே டிபிஹெச்ஏ எடுங்கள். அது இந்தக் கிருமிக்கே உரிய எதிர்ப்புப் பொருளைப் பார்ப்பது.

புண்ணிலிருந்து சுரண்டி எடுத்து இருட்டுப்புல மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லி யாராவது அனுப்பினால், வாய்ப்புண்ணுக்கு அது உதவாது. ஈறு இடுக்கில் எல்லோருக்கும் குடியிருக்கும் அப்பாவிக் கிருமிகளும் அதே ஸ்க்ரூ வடிவம்தான். மறைவிடப் புண்ணில் பார்த்தால் நம்பலாம், வாயில் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

பல்லாண்டு
மார்ச் 6, காலை 9:10

கண்ணாடிச்சில்லு சொன்னதை இன்றே செய்யுங்கள். எச்ஐவி சோதனையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம், ரகசியமாகவே வைப்பார்கள். சிபிலிஸ் புண் இருந்தால் எச்ஐவி நுழையவும் கதவு திறந்தமாதிரிதான். இப்போது நெகட்டிவ் வந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

விடிஆர்எல், டிபிஹெச்ஏ இரண்டும் நெகட்டிவ் என்றால், ஒரு வாரம்கூடத் தாமதிக்காமல் புண்ணில் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். புற்றுநோயைத் தள்ளிப்போடக் கூடாது. புகையிலை இல்லாதவருக்கும் நாக்கு ஓரத்தில் அது வரும்.

இதில் ஒரு தமாஷ் உண்டு. சிபிலிஸ் புண்ணைப் புற்றுநோய் என்று நினைத்துச் சதை எடுத்து அனுப்புவார்கள். 'பிளாஸ்மா செல்கள் நிறைய உள்ளன, நாள்பட்ட அழற்சி' என்று ரிப்போர்ட் வரும். (பிளாஸ்மா செல் என்பது எதிர்ப்புப் பொருளைச் சுரக்கும் அணு.) புற்று இல்லை என்ற சந்தோஷத்தில் அந்த ஒரு வரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிளாஸ்மா செல் கூட்டம் கூட்டமாக இருந்தால் ஒரு விடிஆர்எல் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

நூல்கண்டு
மார்ச் 8, மாலை 6:55

வந்துவிட்டது. விடிஆர்எல் ரியாக்டிவ், 1:32. டிபிஹெச்ஏ பாசிட்டிவ். எச்ஐவி நெகட்டிவ்.

புற்றுநோய் இல்லை என்று சந்தோஷப்படுவதா, இதற்கு அழுவதா என்று தெரியவில்லை.

கண்ணாடிச்சில்லு
மார்ச் 8, இரவு 7:20

1:32 என்றால் உங்கள் சீரத்தை 32 மடங்கு நீர்த்தபோதும் சோதனை பிடிக்கிறது என்று பொருள். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். சிகிச்சைக்குப் பிறகு இது இறங்குகிறதா என்பதுதான் கணக்கு.

இரவுப்பணி
மார்ச் 8, இரவு 10:05

நர்ஸ். பால்வினை நோய்ப் பிரிவில் சில வருடம் வேலை பார்த்திருக்கிறேன்.

அழுவதற்கு இதில் ஒன்றும் இல்லை அண்ணா. நீங்கள் இருக்கும் கட்டத்தில் ஒரே நாள் ஊசியோடு முடிகிற நோய் இது. பென்சத்தீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட், இடுப்புச் சதையில். பொதுவாகப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து இரண்டு பக்கமும் போடுவோம். பால் மாதிரி கெட்டியாக இருக்கும், மெல்லிய ஊசி அடைத்துக்கொள்ளும். வலிக்கும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் பைக்கில் உட்கார யோசிப்பீர்கள். மருந்து அந்தச் சதையிலேயே தங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்கு வரும். அதனால்தான் ஒரே தடவை போதும்.

வீட்டுக்கு வந்து போடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெனிசிலின் அலர்ஜி அபூர்வம், ஆனால் வந்தால் நிமிடங்களில் வரும். அதை அடக்கும் அட்ரினலின் ஊசி கையருகே இருக்கிற இடத்தில்தான் போட வேண்டும். இந்த மருந்து ரத்தக்குழாயில் ஏறவே கூடாது, உயிருக்கே ஆபத்து. சில தனியார் கிளினிக்குகள் இந்தப் பயத்தினாலேயே பெனிசிலின் போடமாட்டோம் என்று மாத்திரையாக எழுதித் தருவார்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போனால் தினமும் போட்டுப் பழகிய கைகள் இருக்கும்.

போட்ட அன்று இரவு காய்ச்சல், குளிர், உடம்பு வலி, தலைவலி வரலாம். அலர்ஜி என்று பயந்துவிடாதீர்கள். கிருமிகள் ஒரேயடியாகச் சாவதால் உடல் காட்டும் எதிர்வினை. ஒரு நாளில் அடங்கிவிடும், பாராசிட்டமால் போதும். மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு என்றால் அது வேறு, உடனே ஓட வேண்டும்.

அரைகுறை
மார்ச் 8, இரவு 10:30

மெடிக்கலில் அசித்ரோமைசின் வாங்கிப் போட்டுக்கொண்டால் ஊசி வலி இல்லையே?

இரவுப்பணி
மார்ச் 8, இரவு 10:41

வேண்டாம். அசித்ரோமைசினுக்கு அசையாத சிபிலிஸ் கிருமி உலகில் பல இடங்களில் பரவிவிட்டது. பெனிசிலின் 1943இலிருந்து இந்த நோய்க்குக் கொடுக்கப்படுகிறது, இன்றுவரை அதை எதிர்க்க இந்தக் கிருமி கற்றுக்கொள்ளவில்லை. பெனிசிலின் அலர்ஜி உறுதியானவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 14 நாள். அதுவும் மருத்துவர் எழுதித் தந்து. கர்ப்பிணிக்கு டாக்ஸிசைக்ளின் கிடையாது.

தொண்டை வலி என்று அமாக்ஸிசிலின் நாலு மாத்திரை வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. நோயைப் பாதி மறைத்துவிட்டு, எங்களைக் குழப்பிவிட்டுப் போய்விடும்.

மழைக்காலம்
மார்ச் 9, காலை 8:00

எல்லோரும் அவருடைய நாக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த வீட்டில் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருக்கிறாள்.

நூல்கண்டு, உங்கள் மனைவியிடம் சொல்லிவிட்டீர்களா?

நூல்கண்டு
மார்ச் 9, காலை 8:50

இல்லை. டிசம்பரில் முதல் செக்கப்பில் அவளுக்கு விடிஆர்எல் எடுத்தார்கள், நெகட்டிவ். தாய் சேய் நல அட்டையில் எழுதியிருக்கிறது. அதனால் அவளுக்கு ஒன்றும் இருக்காது என்று...

மழைக்காலம்
மார்ச் 9, காலை 9:05

டிசம்பர் ரிப்போர்ட் ஜனவரியில் நடந்ததைச் சொல்லாது.

இரவுப்பணி
மார்ச் 9, காலை 9:40

மழைக்காலம் அக்கா சுருக்கமாகச் சொன்னதைக் கொஞ்சம் விரிக்கிறேன்.

உங்கள் நாக்கில் புண் இருந்த நாட்களில் முத்தத்தாலேயே அவருக்குத் தொற்ற வாய்ப்பு உண்டு, உறவுதான் வேண்டும் என்று இல்லை. தாய்க்குத் தொற்றினால் கிருமி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், வயிற்றிலேயே குழந்தை இறப்பது, பிறந்தபின் எலும்பு, கல்லீரல், கண், காது பாதிப்பு, இத்தனையும் நடக்கலாம். எல்லாவற்றையும் தடுக்கிற மருந்தும் அதே பெனிசிலின்தான்.

அவருக்கு இன்றைய ரத்தச் சோதனை நெகட்டிவ் என்று வந்தாலும், முதல் கட்டத்தில் இருப்பவருடன் கடைசி 90 நாளுக்குள் உறவில் இருந்தவர் என்பதால் ஊசி போடுவதுதான் முறை. உங்களுக்கு ஆறாம் நாள் நெகட்டிவ் காட்டியது போல அவருக்கும் காட்டலாம் இல்லையா? பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது சிகிச்சை முடிந்திருந்தால் நல்லது. உங்களுக்கு இப்போது நேரம் இருக்கிறது. ஊசி போட்ட அன்று அவருக்குக் காய்ச்சலும் இடுப்புவலியும் வரலாம், அதனால் பிரசவ மருத்துவருக்குத் தெரிந்தே போட வேண்டும்.

எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால், பால்வினை நோய்ப் பிரிவில் ஆலோசகர் இருப்பார். தம்பதியாக உட்கார வைத்துப் பேசுவார். உங்களைப் போல எத்தனையோ பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். 1097க்கு அழைத்தாலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

பல்லாண்டு
மார்ச் 9, காலை 11:15

குழந்தையின் பல் பற்றி ஒன்று. தாயிடமிருந்து இந்த நோய் தொற்றிய குழந்தைக்கு ஆறேழு வயதில் முளைக்கும் மேல் முன்பற்கள் பீப்பாய் போல, நுனியில் பிறை வெட்டோடு வரும். ஹட்சின்சன் பல் என்று 19ஆம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவர் ஒருவர் பெயரில் வழங்குகிறது. முதல் கடைவாய்ப் பல் முசுக்கொட்டைப் பழம் போலக் கரடுமுரடாக இருக்கும். கர்ப்ப காலச் சோதனை ஒழுங்காக நடக்கிற இடத்தில் இதைப் பார்க்கவே வேண்டியிருக்காது.

மூலிகைமணி
மார்ச் 9, பகல் 12:40

இதற்கெல்லாம் இங்கிலீஷ் மருந்து தேவையில்லை. மேகநோய்க்குச் சித்தர்கள் சொன்ன பறங்கிப்பட்டைச் சூரணம் ஒரு மண்டலம், பாலில். உப்பு, புளி தள்ள வேண்டும். என் தாத்தா வைத்தியர். இந்த மருந்தால் புண் ஆறிப் போனவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். வீட்டுக்குத் தெரியாமலே சரிசெய்துகொள்ளலாம்.

பல்லாண்டு
மார்ச் 9, பிற்பகல் 3:30

மூலிகைமணி ஐயா, உங்கள் தாத்தா பொய் சொல்லியிருக்க மாட்டார். புண் ஆறியிருக்கும். ஒரு மண்டலம் என்பது 48 நாள், இந்தப் புண் தானாக ஆறுவது ஆறு வாரத்துக்குள், அதாவது 42 நாள். கணக்குப் பாருங்கள்.

பத்தியம் இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் அது ஆறும். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பாதரசம் பூசி, பல்லெல்லாம் ஆடி, எச்சில் ஒழுக ஒழுகக் கிடந்தவர்களுக்கும் ஆறியது. பாதரசத்துக்குப் பெயர் கிடைத்தது. அதற்கப்புறம் வருவதைத்தான் தாத்தாவால் இணைத்துப் பார்த்திருக்க முடியாது.

முதல் புண் வந்து சில வாரத்தில், சிலருக்கு அது ஆறிய பின், சிலருக்கு ஆறும் முன்பே, இரண்டாம் கட்டம் தொடங்கும். லேசான காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் அரிப்பில்லாத தடிப்பு. உள்ளங்கை, உள்ளங்காலில் செம்பு நிறப் புள்ளிகள். முடி ஆங்காங்கே பூச்சி அரித்தது போல உதிரும். வாயில்தான் இது பல வேஷம் போடும். கன்னத்தின் உள்பக்கம், நாக்கு, அண்ணம், டான்சிலில் சாம்பல் வெள்ளைத் திட்டுகள் வரும். ஒன்றோடொன்று சேர்ந்தால் நத்தை ஊர்ந்த தடம் போலத் தெரியும். வாயோரத்தில் பிளந்த கொப்புளம் வந்தால் விட்டமின் குறைவு வெடிப்பு என்று நினைத்துவிடுவோம். நானே ஒருமுறை வெள்ளைத் திட்டைப் பூஞ்சை என்று நினைத்துப் பத்து நாள் மருந்து எழுதியிருக்கிறேன். நோயாளி கையை நீட்டிப் பணம் கொடுக்கும்போதுதான் உள்ளங்கையைக் கவனித்தேன். அன்றிலிருந்து வாயில் விளங்காத திட்டு இருந்தால் 'கையைக் காட்டுங்கள்' என்று கேட்கிறேன். பல் டாக்டர் கைரேகை பார்க்கிறார் என்று ஒருவர் வெளியே சொல்லிக்கொண்டு போனார்.

அந்தத் திட்டுகளில் கிருமி மொய்க்கும், நன்றாகத் தொற்றும். அதுவும் தானாக மறையும்! அப்புறம் வருடக்கணக்கில் மௌனம். பிறகு ஒரு பகுதியினருக்கு இதயம், பெரிய ரத்தக்குழாய், மூளை, கண் என்று தாக்கும். அண்ணத்தில் எலும்பு அரித்து ஓட்டை விழுந்து, குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வரும். அதை நான் பாடப்புத்தகப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், பெனிசிலின் புண்ணியம்.

வீட்டுக்குத் தெரியாமல் என்பதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. அந்த வீட்டில் ஒரு குழந்தை வரப்போகிறது.

நாவற்குழியான்
மார்ச் 9, இரவு 9:10

பறங்கி என்ற சொல் வந்தபடியால் ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். பறங்கிப் புண் என்று தமிழிலும், பிரங்க ரோகம் என்று 16ஆம் நூற்றாண்டில் பாவமிச்ரர் எழுதிய வடமொழி மருத்துவ நூலிலும் வருவது, பறங்கியர் எனப்பட்ட போர்த்துக்கீசரோடு வந்த நோய் என்ற எண்ணத்தால்தான். ஆனால் எங்கள் இலங்கையில் 'பறங்கி' என்று அந்தக் காலத்தில் சொன்னது பெரும்பாலும் வேறு நோயை. யாஸ் என்பார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தோலில் வருவது, உடலுறவோடு சம்பந்தமே இல்லை. அம்மம்மாவின் காலில் அதன் தழும்பு இருந்தது. ஒருக்கால் டாக்டர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு ஒரு மாதிரிப் பார்த்ததை அவ கடைசிவரை சொல்லிக்கொண்டு இருந்தா.

கண்ணாடிச்சில்லு
மார்ச் 9, இரவு 9:48

அருமையான தகவல். லேபில் இது எங்களுக்கு நிஜமான தலைவலி. யாஸ் கிருமியும் சிபிலிஸ் கிருமியும் ஒரே இனத்தின் இரண்டு கிளைகள், ரத்தச் சோதனையில் பிரித்துச் சொல்லவே முடியாது. இந்தியா யாஸ் இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது. ஆனால் சிறு வயதில் வந்துபோன முதியவர்களுக்கு டிபிஹெச்ஏ இன்னும் பாசிட்டிவ் காட்டலாம். உங்கள் அம்மம்மா பாவம்.

அதேபோல விடிஆர்எல் மட்டும் 1:2, 1:4 என்று லேசாக வந்து டிபிஹெச்ஏ நெகட்டிவ் என்றால் உடனே கணவனையோ மனைவியையோ சந்தேகிக்காதீர்கள். கர்ப்பம், மலேரியா, தொழுநோய், லூபஸ் போன்ற நோய்கள், வயதான உடம்பு, இவையெல்லாம் பொய்யாக ரியாக்டிவ் காட்ட வைக்கும். இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு விவாகரத்து வரை போன குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது சோதனை எடுத்த அன்றே பிரச்சினை முடிந்திருக்கும்.

குவைத்குமார்
மார்ச் 10, அதிகாலை 1:15

என் அனுபவம். நாலு வருடம் முன்பு இதே நோய், எனக்கு உதட்டில். ஊசி போட்டுக் குணமாகிவிட்டது. திரும்ப வளைகுடா வேலைக்கு மருத்துவப் பரிசோதனைக்குப் போனால் டிபிஹெச்ஏ பாசிட்டிவ் என்று 'அன்ஃபிட்' முத்திரை. குணமானவன் என்று எவ்வளவு சொல்லியும் அந்த மையத்தில் காதில் வாங்கவில்லை. விசா போச்சு, ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் போச்சு. மையத்தின் பெயர் ######

நிர்வாகி
மார்ச் 10, காலை 7:00

மேலே உள்ள பதிவில் மையத்தின் பெயரை நீக்கியிருக்கிறேன். அனுபவத்தைச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம்.

அரைகுறை
மார்ச் 10, காலை 7:30

அவர் குடித்த டம்ளரில் குடித்தால் வருமா? எங்கள் ஆபீசில் ஒரே தண்ணி பாட்டில்.

பல்லாண்டு
மார்ச் 10, காலை 9:00

இந்தக் கிருமி காற்றுப்பட்டுக் காய்ந்தால் சீக்கிரம் செத்துவிடும். டம்ளர், தட்டு, கழிப்பறை பற்றிக் கவலை வேண்டாம். விதிவிலக்காக ஒரு பழைய கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டு பிரான்சில் கண்ணாடி ஊதும் தொழிலாளர்கள் ஒரே குழாயை ஈரம் காய்வதற்குள் வாய் மாற்றி வாய் வைத்து ஊதியதால் உதட்டில் இந்தப் புண் பரவியது. உங்கள் ஆபீசில் கண்ணாடி ஊதவில்லை என்று நினைக்கிறேன்.

ஆணுறை போடாமல் வாய்வழி உறவு 'பாதுகாப்பானது' என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். கர்ப்பம் வராது என்ற அளவில் மட்டும் அது சரி.

நூல்கண்டு
மார்ச் 11, இரவு 11:05

நேற்று அரசு மருத்துவமனைக்குப் போனேன். ஊசி போட்டாயிற்று. இரவு பத்து மணிக்குக் குளிர் தூக்கிப் போட்டது. இரவுப்பணி சகோதரி முன்பே எழுதியிருக்காவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன். காலையில் சரியாகிவிட்டது.

இன்று ஆலோசகர் முன்னிலையில் அவளிடம் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. 'குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும்' என்று மட்டும் ஆலோசகரிடம் கேட்டாள். அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள், நெகட்டிவ். ஆனாலும் பிரசவ டாக்டரிடம் பேசிவிட்டு ஊசி போட்டார்கள். இப்போது அம்மா வீட்டில் இருக்கிறாள்.

அந்த ஊருக்குப் போன் செய்து அங்கே உள்ளவரிடமும் சொல்லிவிட்டேன். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

இரவுப்பணி
மார்ச் 11, இரவு 11:30

நல்ல காரியம். புண் முழுக்க ஆறும் வரை, குறைந்தது ஊசி போட்டு ஒரு வாரம் வரை, முத்தம் உட்பட எதுவும் வேண்டாம். மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதத்தில் விடிஆர்எல். அதே லேப், அதே சோதனை. ஒரு தடவை விடிஆர்எல், அடுத்த தடவை ஆர்பிஆர் என்ற வேறு சோதனை என்று மாற்றினால் எண்களை ஒப்பிட முடியாது.

ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது என்று நினைக்க வேண்டாம். அம்மை மாதிரி இல்லை இது.

மூலிகைமணி
மார்ச் 12, காலை 6:20

தம்பி, ஊசி போட்டதே சரி. தாத்தாவின் ஏட்டை எடுத்துப் பார்த்தேன். 'ஆறியபின் திரும்பும்' என்று ஒரு வரி அவரே எழுதியிருக்கிறார். நான் இத்தனை நாள் கவனித்ததில்லை.

நூல்கண்டு
செப்டம்பர் 14, இரவு 10:10

ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன். இந்த இழையைத் தேடி யாராவது வரக்கூடும் என்பதால்.

நாக்குப் புண் ஊசி போட்டுப் பத்து நாளில் போய்விட்டது, இப்போது எந்த இடம் என்றுகூடத் தெரியவில்லை. நெறி கரைய இன்னும் கொஞ்சம் நாள் பிடித்தது. ஜூனில் எடுத்த எச்ஐவி நெகட்டிவ். விடிஆர்எல் மூன்றாம் மாதம் 1:8, இந்த வாரம் 1:4.

ஜூலையில் பெண் குழந்தை. 2 கிலோ 900. பிரசவத்தின்போது தாய்க்கும் குழந்தைக்கும் ரத்தம் பார்த்தார்கள், இரண்டும் நெகட்டிவ். மனைவி போன மாதம் வீட்டுக்கு வந்துவிட்டாள். பேசுகிறாள், முழுசாக இல்லை.

கண்ணாடிச்சில்லு
செப்டம்பர் 15, காலை 7:50

32, 16, 8, 4. மூன்று படி இறங்கியிருக்கிறது. இரண்டு படி இறங்கினாலே சிகிச்சை வேலை செய்தது என்று எடுத்துக்கொள்வோம். மார்ச்சில் ஒரு தடவைதான் பார்க்கவேண்டும், மறக்காதீர்கள். டிபிஹெச்ஏ பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க பாசிட்டிவாகவே இருக்கும், அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பயப்படவேண்டாம். ஊசி போட்ட சீட்டையும் எல்லா விடிஆர்எல் ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒரு கோப்பில் வையுங்கள். குவைத்குமார் கதை உங்களுக்கு வந்தால் அந்தக் கோப்புதான் பேசும்.

குவைத்குமார்
செப்டம்பர் 15, மதியம் 2:20

நான் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டவன். கேளுங்கள் இவர் சொல்வதை.

வழிப்போக்கன்
செப்டம்பர் 21, இரவு 11:58

இப்போதுதான் முழுக்கப் படித்தேன். என் தம்பிக்குக் கீழுதட்டில் ஒரு புண், வலி இல்லை என்கிறான். நாளை மெடிக்கலில் ஜெல் வாங்கலாம் என்று இருந்தோம்.

பல்லாண்டு
செப்டம்பர் 22, காலை 9:05

எத்தனை நாளாக இருக்கிறது? தாடைக்குக் கீழே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், நெறி இருக்கிறதா? அப்புறம் அவர் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.